ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு மலைக்குப் போன அம்மாச்சி

கொஞ்சம் நீளமான இழை. டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

உங்க வீட்ல 60 வயசைத் தாண்டின பெண்கள் இருப்பாங்க. அம்மா, அத்தை, அப்பத்தா, அம்மாச்சி யாராவது. அவங்க கடைசியா பஸ் ஏறினது எப்போ? எதுக்கு ஏறினாங்க?

பதில் பெரும்பாலும் மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். ஆஸ்பத்திரி, கோயில், துக்க வீடு. கல்யாணம், காதுகுத்துன்னா மகன் வண்டி பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிடுவாரு. "சும்மா பஸ்ல ஏறி, ஜன்னலோரமா உக்காந்து, நாலு ஊரைப் பாத்துட்டு வந்தேன்"னு ஒரு பாட்டி சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா? நான் திண்டுக்கல் மாவட்டத்துல அரசு மருத்துவமனையில ஓ.பி. பார்க்கிறேன். தினமும் வயசானவங்ககிட்ட பேசுறதுதான் வேலை. ரொம்ப நாள் வரைக்கும் நானும் கேட்டதில்ல.

அப்புறம் ஒருத்தங்க சொன்னாங்க. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். ஆளை அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

வயசு 71. கன்னிவாடிப் பக்கம் ஒரு ஊர். சுகர், பி.பி. ரெண்டும் இருக்கு. முழங்கால் தேய்மானம். மாசம் தவறாம மாத்திரை வாங்க வருவாங்க. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சதுல இருந்து இந்த மாத்திரை எல்லாம் வீட்டுக்கே வருதுல்ல? நல்ல திட்டம். நடக்க முடியாதவங்களுக்குப் பெரிய உதவி. அதை இவங்ககிட்டயும் சொன்னேன். "ஏன் அம்மாச்சி வெயில்ல அலையுறீங்க, வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்களே."

"வேணாம் தாயி. நான் வெளிய வர்றதே இந்த ஒருநாள்தான்."

அந்த வரியை நான் இன்னும் மறக்கல. ஓ.பி. வரிசையில ரெண்டு மணி நேரம் நிக்கிறது ஒருத்தங்களுக்கு அவுட்டிங்னா, மீதி 29 நாள் அவங்களுக்கு எப்படிப் போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க. இவங்களை மாதிரி நிறைய பேர் வருவாங்க. உடம்பெல்லாம் வலின்னு சொல்வாங்க. எங்கன்னு கேட்டா கையை உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் காட்டுவாங்க. தூக்கம் இல்லம்பாங்க, பசி இல்லம்பாங்க. டெஸ்ட் எடுத்தா பெருசா எதுவும் இருக்காது. முதுமையில வர்ற மனச்சோர்வு நம்ம ஊர்ல "மனசு சரியில்ல"ன்னு வாய் திறந்து வராது. வலியாத்தான் வரும்.

ஒரு மாசம் வழக்கமான தேதியில வந்தவங்க, உக்காந்ததும் முதல்ல கதவுப் பக்கம் பாத்தாங்க. யாரும் இல்லன்னு உறுதி பண்ணிக்கிட்டு மெதுவா, "தாயி, போன வாரம் மலையில எனக்குக் கிறுகிறுன்னு வந்துருச்சு"ன்னாங்க.

எந்த மலையில?

"ஆடலூர்ல."

கன்னிவாடி தெரியாதவங்களுக்காக ஒரு வரி. திண்டுக்கல்லுக்கு மேற்கே இருக்கிற பேரூராட்சி. பழைய பாளையக்காரர் ஊர். தெருவுல நின்னு பாத்தாலே கீழ்ப்பழனி மலைத்தொடர் செவுரு மாதிரி எழும்பி நிக்கும். தருமத்துப்பட்டி வழியா மலை ஏறினா அமைதிச்சோலை, ஆடலூர், பன்றிமலைன்னு போகும். காப்பி, மிளகு, மலைவாழை, ஆரஞ்சு விளையுற ஊருங்க. கொடைக்கானல் மாதிரி கூட்டமோ, போட் ஹவுஸோ கிடையாது.

இந்த அம்மாச்சி வாசல்ல உக்காந்தா தெரியுறது அந்த மலைதான். கல்யாணமாகி வந்ததுல இருந்து, 50 வருஷத்துக்கு மேல பாத்துக்கிட்டு இருக்காங்க. ஒரு தடவைகூட மேல போனதில்ல. வீட்டுக்காரரு காப்பித் தோட்டத்து வேலைக்கு ஏறி இறங்கினவரு. "மேல பனி இறங்கும், மேகம் கால்ல படும்"னு வந்து கதை சொல்வாராம். கூட்டிட்டுப் போனதே இல்லையாம். அவரும் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு.

சரி, இப்ப மட்டும் எப்படிப் போனீங்கன்னு கேட்டேன். "ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்"னு சொல்லி, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. கூட தெருவுல இன்னும் ரெண்டு பேரு. ஒருத்தங்களுக்கு 68, இன்னொருத்தங்களுக்கு ஆதார் கார்டுல 65, நிஜத்துல கூடவே இருக்கும்.

எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ஆனா கிறுகிறுப்பு விஷயம் சிரிக்கிற விஷயம் இல்ல.

நடந்தது இதுதான். காலையில சுகர் மாத்திரையைப் போட்டிருக்காங்க. மலை ரோட்ல வாந்தி வந்துடுமோன்னு பயந்து எதுவும் சாப்பிடல. பஸ்ல பாத்ரூம் வராம இருக்கணும்னு தண்ணியும் குடிக்கல. மேல போய் இறங்கி நடக்கும்போது கை நடுக்கம், வேர்வை, கண் இருட்டு. கூட வந்தவங்க டீக்கடையில உக்கார வச்சு, சர்க்கரை தூக்கலா ஒரு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்திருக்காங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு.

இது லோ சுகர். மெட்ஃபார்மின் மட்டும் போடுறவங்களுக்கு இப்படி வர்றது அபூர்வம். கிளிமெபிரைடு, கிளிப்பிசைடு மாதிரி மாத்திரை போடுறவங்களும், இன்சுலின் போடுறவங்களும் மருந்தை எடுத்துக்கிட்டு சாப்பாட்டை விட்டா வரும். இதுல நான் கொஞ்சம் கறாரா பேசுவேன். பஸ் பயணமோ, விரதமோ, துக்க வீடோ, மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும். பையில நாலு மிட்டாய், ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கணும். நடுக்கம் வந்தா மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கலக்கிக் குடிங்க. 15 நிமிஷத்துல சரியாகலன்னா இன்னொரு தடவை. சரியானதும் இட்லியோ சோறோ சாப்பிட்டுடணும், ஏன்னா இந்த மாத்திரைகளோட வேகம் சீக்கிரம் அடங்காது, மறுபடி இறங்கும். ஆள் மயக்கத்துல இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 108 கூப்பிடுங்க.

திட்டுவேன்னு எதிர்பார்த்து வந்திருக்காங்க போல. திட்டலைன்னதும் மலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சாங்க. நான் பாத்த நாலஞ்சு வருஷத்துல அவங்க மூச்சு விடாம பேசினது அன்னைக்குத்தான். வளைவுல பஸ் திரும்புறப்போ கீழ குளம் ஒரு தட்டுல தண்ணி ஊத்தி வச்ச மாதிரி தெரிஞ்சுதாம். அவங்க ஊர்க் கோயில் கோபுரத்தைத் தேடித் தேடிக் கண்டுபிடிக்க முடியலையாம். "எம்புட்டுச் சின்னதா இருக்கு தாயி நம்ம ஊரு."

அன்னைக்கு வலின்னு ஒரு வார்த்தை அவங்க சொல்லல. பஸ்ல போனா மூட்டுவலி போயிடும்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு அப்படி ஃபார்வர்டு பண்ணாதீங்க. தேய்ஞ்ச மூட்டு தேய்ஞ்சதுதான்.

கதை இதோட முடியல. ரெண்டு வாரம் கழிச்சு மருமக வந்தாங்க. குழந்தைக்குச் சளின்னு வந்தவங்க, சீட்டை வாங்கிட்டும் கிளம்பாம நின்னாங்க. "மேடம், அத்தை செவ்வாக்கிழமை இங்க வந்துச்சா? சாயந்திரம் நாலு மணிக்குத்தான் வீடு வந்துச்சு. அப்படி என்ன டெஸ்ட்டு எடுக்குறீங்க?"

ஒரு நிமிஷம் நான் ஒண்ணும் பேசல. நோயாளி நம்மகிட்ட சொன்னது நம்மகிட்டதான் இருக்கணும். 2002-ல வந்த மருத்துவர் நடத்தை விதிமுறைகள்லயே இருக்கு. நோயாளி பதினெட்டு வயசு தாண்டினவங்கன்னா அம்மா அப்பாகிட்டயே சொல்லக் கூடாதுன்னு நமக்குப் புரியுது. ஆனா 71 வயசுன்னா மட்டும், மகன்கிட்டயும் மருமககிட்டயும் எல்லாத்தையும் ஒப்பிக்கலாம்னு நினைக்கிறோம். நம்ம ஊர் ஓ.பி.யில இது தினமும் நடக்குது. பாட்டி எதிர்லயே உக்காந்திருப்பாங்க, கூட வந்தவங்ககிட்ட "இவங்க ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"ன்னு கேட்போம். வயசானா ஒருத்தங்க மறுபடி மைனர் ஆயிடறதில்லையே.

"அவங்ககிட்டயே கேளுங்கம்மா. நான் சொல்றது முறையில்ல"ன்னேன்.

அந்தப் பொண்ணு விடல. கோவமும் படல. அவங்க சொன்னதை அப்படியே எழுதுறேன், ஏன்னா இந்தக் கதையில அவங்களை வில்லி ஆக்கிடக் கூடாது. "நான் மில் வேலைக்குப் போறேன் மேடம். அவரு திருப்பூர்ல. அத்தை எங்கயாச்சும் விழுந்து இடுப்பு ஒடைஞ்சா யாரு பாக்குறது? நான்தான். வேலையை விட்டுட்டு."

நியாயமான கேள்வி. இடுப்பு எலும்பு முறிஞ்ச வயசானவங்களை வீட்ல வச்சுப் பாத்தவங்களுக்குத் தெரியும், அது ஒரு குடும்பத்தையே படுக்க வச்சிடும். "பாட்டிக்கு சுதந்திரம் குடுங்க"ன்னு நான் இணையத்துல எழுதிட்டுப் போயிடலாம். பெட்பேன் வைக்கிறது அந்தப் பொண்ணுதான்.

நான் சொன்ன பதில் இது. வயசானவங்க அதிகமா விழுறது பஸ்ல இல்ல, வீட்டுலதான். ஈரமான பாத்ரூம், ராத்திரி இருட்டுல கட்டில்ல இருந்து எந்திரிக்கிறது, வாசப்படி. வீட்லயே உக்கார வச்சா விழமாட்டாங்கன்னு நினைக்கிறது தப்புக் கணக்கு. உக்கார உக்காரத் தொடைத் தசை கரையும், கால் தடுமாறும், விழுற வாய்ப்பு கூடத்தான் செய்யும். வெளிய போறதை நிறுத்த வேணாம். எப்படிப் போறதுன்னு சொல்லித் தரலாம். அதை உங்களுக்கும் சொல்றேன், ஏன்னா இதை யாரும் சொல்லித் தர்றதில்ல.

நம்ம பஸ் படி உயரம். மூட்டுவலி இருக்கிறவங்களுக்கு முதல் படிதான் மலை. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது வலிக்கிற கால் முதல்ல. கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிக்கணும், அதனால பை தோள்ல மாட்டுற பையா இருக்கட்டும், கையில கூடை வேணாம். பஸ் முழுசா நின்ன பிறகுதான் சீட்ல இருந்து எந்திரிக்கணும். பி.பி. மாத்திரை போடுறவங்க ரொம்ப நேரம் உக்காந்துட்டு சடார்னு எந்திரிச்சா தலை சுத்தும். கண்டக்டர் கத்தினா கத்தட்டும்.

கடைசி சீட் கூடவே கூடாது. பின்சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற சீட்ல, ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கும்போது தூக்கிப் போடும். எலும்பு வலு குறைஞ்ச வயசான பெண்களுக்கு அந்த ஒரு குலுக்கல்லயே முதுகெலும்பு நசுங்கி முறியலாம். எலும்பு டாக்டர்கள் எல்லாருமே இப்படி யாரையாவது பாத்திருப்பாங்க. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல உக்காருங்க. மலை ரோட்ல வாந்திக்கும் அதான் நல்லது. புத்தகம், போன் பாக்காம தூரத்துல இருக்கிறதைப் பாருங்க. மலைக்குப் போறதே அதுக்குத்தானே.

வாந்தி வராம இருக்க மெடிக்கல்ல நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. அவோமின் மாதிரி மாத்திரைங்க வயசானவங்களுக்குத் தூக்கத்தையும் தடுமாற்றத்தையும் குடுக்கும். புராஸ்டேட் பிரச்சனை இருக்கிற தாத்தாக்களுக்கு சிறுநீர் அடைச்சே போயிடும். வெறும் வயித்துலயும் போகக் கூடாது, மூக்கு முட்டச் சாப்பிட்டுட்டும் போகக் கூடாது. ரெண்டு இட்லி போதும்.

அப்புறம், தண்ணி. நம்ம பெண்கள் வெளிய கிளம்புற அன்னைக்குத் தண்ணி குடிக்கிறதையே நிறுத்திடுறாங்க. 12 வயசு ஸ்கூல் பொண்ணுல இருந்து 70 வயசு பாட்டி வரைக்கும் இதே கதை. நாள் முழுக்க நாக்கு வறண்டு திரும்பி வந்து, மறுநாள் நீர்க்கடுப்போட என்கிட்ட நிப்பாங்க. தப்பு அவங்க மேல இல்ல. சுத்தமான கழிப்பறை எங்க இருக்குன்னு தெரியாம எந்த தைரியத்துல குடிப்பாங்க? மலை ஊர்ல இறங்கினா டீ குடிக்கிற கடையில கேளுங்க, பக்கத்து வீட்ல கேளுங்க. வயசான பொம்பளைங்க கேட்டா மாட்டேன்னு சொல்ற வீடு நம்ம பக்கம் கம்மி. இதய நோய்க்காக, கால் வீக்கத்துக்காக நீர் பிரியுற மாத்திரை போடுறவங்க அதைத் தாங்களா நிறுத்திடக் கூடாது. அன்னைக்கு ஒருநாள் நேரத்தை மாத்திக்கலாமான்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேளுங்க.

சமீபத்துல மாரடைப்பு வந்தவங்க, உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குறவங்க, ரெண்டடி நடந்தா நெஞ்சு பிடிக்குதுன்னு சொல்றவங்க இப்போதைக்கு எங்கயும் கிளம்ப வேணாம். முதல்ல எங்களை வந்து பாருங்க.

சரி, பாடம் போதும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயத்துக்கு வரேன்.

2021 மே 8-ல இருந்து தமிழ்நாட்டுல சாதாரணக் கட்டண டவுன் பஸ்கள்ல பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம். வேலைக்கும் படிப்புக்கும் போற பெண்களுக்கு அது என்ன செஞ்சுதுன்னு நிறையப் பேர் எழுதிட்டாங்க. வயசான பெண்களுக்கு என்ன செஞ்சுதுன்னு நான் ஓ.பி.யில பாக்குறேன். முன்னாடி பஸ்ஸுக்கு 20 ரூபா வேணும்னா மகன்கிட்ட கேக்கணும். கேட்டா "எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். இப்ப அந்தக் கேள்விக்கு இடமே இல்ல. எனக்கு இந்தத் திட்டத்துல பெரிய விஷயம் மிச்சமாகுற பணம் இல்ல. "எதுக்கு?" இல்லாம வீட்டைத் தாண்டலாம், அதுதான்.

இங்கிலாந்துல இதே மாதிரி 2006-ல 60 வயசானவங்களுக்கு உள்ளூர் பஸ் இலவசமாச்சு. 2008 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க எந்த ஊர் லோக்கல் பஸ்லயும் போகலாம்னு ஆக்கினாங்க. வேலை நாள்ல காலை ஒன்பதரைக்கு அப்புறம்தான் செல்லும். ஒன்பதேகாலுக்கே வந்து நின்னு "சீக்கிரம் வந்துட்டேனா?"ன்னு கேக்குற தாத்தா பாட்டிகளுக்கு பஸ் டிரைவர்கள் 'ட்விர்லி'ன்னு பட்டப்பெயரே வச்சிருக்காங்க, 'டூ இயர்லி'யைச் சேர்த்துச் சொன்னது. அங்க வயசானவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிக்கிற ஒரு பெரிய ஆய்வு இருக்கு. அந்தத் தகவலை வச்சு 2018-ல ஒரு ஆய்வறிக்கை வந்துச்சு. இலவச பாஸ் கிடைச்சவங்க பஸ்ல அதிகமா போனாங்க, பஸ்ல போனவங்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகளும் தனிமை உணர்வும் குறைஞ்சுதுன்னு அதுல சொல்றாங்க. அவங்க பஸ்ஸும் நம்ம பஸ்ஸும் ஒண்ணு இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா மனுஷ மனசு ரொம்ப வித்தியாசமா இருக்க வாய்ப்பில்ல.

இன்னொண்ணு. 2020-ல கலிஃபோர்னியாவுல வந்த ஒரு சின்ன ஆய்வு. வயசானவங்க வாரத்துக்கு 15 நிமிஷம், எட்டு வாரம் நடந்தாங்க. ஒரு பிரிவுகிட்ட மட்டும், "வியந்து பாக்குற மாதிரி ஏதாவது இருக்கான்னு கவனிச்சுக்கிட்டே நடங்க"ன்னு சொன்னாங்க. எல்லாரையும் செல்ஃபி எடுக்கவும் சொன்னாங்க. வாரங்கள் போகப் போக, வியந்து நடந்தவங்களோட செல்ஃபியில அவங்க உருவம் சின்னதாகிக்கிட்டே போச்சு, பின்னாடி இருக்கிற காட்சி பெருசாச்சு. சிரிப்பும் பெருசாச்சாம். அதைப் படிச்சப்போ எனக்கு "எம்புட்டுச் சின்னதா இருக்கு நம்ம ஊரு"தான் ஞாபகம் வந்துச்சு.

மலைக்காத்துக்காக மலை ஏறுறது நம்ம மாவட்டத்துக்குப் புதுசும் இல்ல. கொடைக்கானல் உருவானதே அப்படித்தான். மதுரைப் பக்கம் வேலை பார்த்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் ஆளைப் பறிகொடுத்துட்டு, 1845-ல மலை மேல முதல் வீடுகளைக் கட்டினாங்க. அவங்களுக்கு மலை உடம்பு தேறுற இடம். அடிவாரத்துல இருக்கிற நம்ம அம்மாச்சிக்கு அது விறகும் கூலியும் மட்டுமா இருந்துச்சு.

இவ்வளவு கேட்டுட்டு நான் போகாம இருந்தா எப்படி? ஒரு வீக்லி ஆஃப்ல எங்க அம்மாவைக் கூட்டிட்டு ஆடலூர் போனேன். அம்மாவுக்கு 66, ரிட்டயர்டு டீச்சர். கார் இருக்கு, வேணாம்னுட்டேன். அம்மாவுக்கு முதல்ல கடுப்பு. தருமத்துப்பட்டி தாண்டி ரோடு மலைக்குத் திரும்பினதும் கடுப்பு போயிடுச்சு.

கார்ல போறதுக்கும் பஸ்ல போறதுக்கும் என்ன வித்தியாசம்னு அன்னைக்குத்தான் கவனிச்சேன். பஸ் ஜன்னல் உயரம். கார்ல தெரியுறது ரோட்டோரத் தடுப்புச் சுவரு. பஸ்ல அந்தச் சுவரைத் தாண்டி பள்ளத்தாக்கு தெரியும். மலை ஏறும்போது பஸ் முக்கி முனகி மெதுவாத்தான் போகும், அதனால ஒவ்வொரு மரமும் முகம் காட்டிட்டுப் போகும். கார்ல யாராவது ஒருத்தர் ஓட்டணும், அவருக்கு ரோடு மட்டும்தான். பஸ்ல எல்லாரும் வேடிக்கை பாக்கலாம்.

கீழ தென்னந்தோப்பும் மக்காச்சோளக் காடும் பின்னாடி போகப் போக, காத்து மாறுறது தோல்ல தெரிஞ்சுது. ஆயிரம் மீட்டர் ஏறினா சுமாரா ஆறு டிகிரி வெப்பம் குறையும். அதுக்கு ஏ.சி. தேவையில்ல. அப்புறம் காப்பித் தோட்டம். உயரமான சில்வர் ஓக் மரங்கள், அதுல சுத்தி ஏறுற மிளகுக் கொடி, அடியில நிழல்ல காப்பிச் செடி. கோடை மழை ஒண்ணு பெஞ்சு எட்டு பத்து நாள்ல காப்பி பூக்கும். மல்லிகையை அள்ளிக் கொட்டின மாதிரி வெள்ளையா, மணமும் கிட்டத்தட்ட அப்படியே. நாங்க போனது பூக்காத சமயம். இது அங்க எங்க பக்கத்து சீட்ல இருந்த தோட்டத்து வேலைக்காரம்மா சொன்னது. அம்மாவும் அவங்களும் ஊர், பிள்ளைங்க, மூட்டுவலின்னு இறங்குற வரைக்கும் பேசினாங்க. நான் டாக்டர்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்புறம் எனக்கு ஓடுற பஸ்லயே ஓ.பி.

ஆடலூர்ல நாங்க பெருசா எதுவும் செய்யல. டீ, வடை. ரோட்டோரமா கொஞ்ச நடை. கொண்டு போன புளிசாதம். நாலு மலைவாழைப்பழம். சிறுமலை வாழை, விருப்பாச்சி வாழை ரெண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்குன்னு அம்மா கிளாஸ் எடுத்தாங்க. மத்தியானம் திரும்புற பஸ்ல பீன்ஸ் மூட்டை, சௌசௌ மூட்டை, ஸ்கூல் பிள்ளைங்க, ஒரு கோழி. அவ்வளவுதான். மறுநாள் அம்மா அவங்க ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேருக்கு போன் போட்டு ஆளுக்கு அரைமணி நேரம் இதையே சொன்னாங்க. போன வருஷம் நாங்க அவங்களை விமானத்துல கூட்டிட்டுப் போன ஊரைப் பத்தி இவ்வளவு பேசல.

போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்தக் காடு யானைகளோட வீடு. காலையில போயிட்டு மத்தியானமே இறங்கிடுங்க. மலை பஸ் அடிக்கடி கிடையாது, ஏறும்போதே கண்டக்டர்கிட்ட திரும்புற நேரத்தைக் கேட்டு வச்சுக்கோங்க. நடு ரோட்ல இறங்கி போட்டோ எடுக்கிறது, குரங்குக்குத் தின்பண்டம் போடுறது வேணாம். 2024-ல நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு. மத்த மலை ரூட்ல ஏறும்போது இலவசமா, டிக்கெட்டான்னு கேட்டுட்டு உக்காருங்க. டிக்கெட்னாலும் பரவாயில்ல, எடுத்துட்டுப் போங்க.

மலை ஏற முடியாதவங்களுக்கு இந்தப் பக்கம் வேற இடங்களும் இருக்கு. ஆத்தூர் காமராஜர் அணை, திண்டுக்கல்லுக்குக் குடிதண்ணி குடுக்கிற அணை, மலையடிவாரத்துல இருக்கு. தண்ணி நிறைஞ்சிருக்கும்போது கரையில உக்காந்திருந்தாலே போதும். ரெட்டியார்சத்திரம் கோபிநாத சுவாமி மலைக்கோயிலை கீழ இருந்தே கும்பிட்டுட்டு வரலாம். கசவனம்பட்டிக்கு வியாழக்கிழமை போற கூட்டத்துல பாதிப் பேரு சாமிக்கு, மீதிப் பேரு பேச்சுத் துணைக்குப் போறாங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம். அதுல தப்பும் இல்ல.

அம்மாச்சி விஷயத்துக்கு வரேன். மருமக அவங்ககிட்டயே கேட்டிருக்காங்க. ரெண்டு நாள் வீட்ல பேச்சுவார்த்தை இல்லையாம். மூணாவது நாள், "போறதுன்னா சொல்லிட்டுப் போங்க, போனை எடுத்துட்டுப் போங்க"ன்னு முடிஞ்சிருக்கு. மகனுக்கு இன்னும் இஷ்டம் இல்ல. "இந்த வயசுல ஊர் சுத்துறியா, நாலு பேரு என்ன சொல்வாங்க"ன்னு திருப்பூர்ல இருந்து போன்ல சத்தம் போடுறாராம். அம்மாச்சி அப்ப மட்டும் காது கேக்கலைன்னுடுறாங்க. காது நல்லாத்தான் கேக்குது, நான் பாத்திருக்கேன்.

சுகர் மாத்திரையைக் கொஞ்சம் மாத்திக் குடுத்திருக்கேன். இப்ப மூணு பேரு அஞ்சு பேரா ஆயிட்டாங்க. அடுத்தது சிறுமலையாம். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல இருந்து பஸ், 18 கொண்டை ஊசி வளைவு. போன தடவை வந்தப்போ கொடைக்கானல் குறிஞ்சிப் பூவைப் பத்தி டி.வி.யில பாத்ததா கேட்டாங்க. 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், 2018-ல பூத்துச்சு, இனி 2030-லதான்னு சொன்னேன்.

"அப்ப எனக்கு என்ன வயசு தாயி?"

"76 ஆகும் அம்மாச்சி."

கொஞ்ச நேரம் விரல்ல எண்ணிட்டு, "பி.பி. மாத்திரை ஒரு மாசத்துக்குத்தான் எழுதியிருக்க, ரெண்டு மாசத்துக்குக் குடு"ன்னாங்க. ரெண்டு மாசத்துக்குக் குடுக்க முடியாது, மாசாமாசம் வந்து பி.பி. பாக்கணும்னு சொல்லி அனுப்பினேன்.

"அப்போ தாத்தாக்களுக்கு?"ன்னு கீழ கேக்கப் போறீங்க, தெரியும். அவங்களுக்கு டிக்கெட் இலவசம் சென்னையில மட்டும்தான், 60 தாண்டின எல்லாருக்கும் மாநகரப் பேருந்துல மாசம் 10 டோக்கன். மத்த ஊர்ல காசு குடுத்துத்தான் போகணும். ஆனா என் ஓ.பி.யில பாக்குற தாத்தாக்களோட பிரச்சனை காசு இல்ல. மனைவி போன பிறகு அவங்களைக் கிளப்ப ஆள் இல்ல. பாட்டிகள் மாதிரி தெருவுல மூணு பேரைச் சேர்த்துக்கத் தெரியல. டீக்கடை பெஞ்சோட அவங்க ஊர் முடிஞ்சுடுது. இதுக்கு என்ன செய்யலாம்னு உங்களுக்கு ஏதாவது தோணினா எழுதுங்க. நாளைக்கு எனக்கு 24 மணி நேர டூட்டி, முடிச்சுட்டு வந்து படிக்கிறேன்.